வீட்டில் சாது, வீதியில் புலி!

நம் சங்கக் குடும்பங்களில் நாய் வளர்ப்போர் கணிசமாகப் பெருகிவிட்டார்கள். பிள்ளைகள் வெளிநாடு போனபின் துணைக்கு ஓர் உயிர் இருக்கட்டும் என்று வளர்க்கும் பெரியவர்களும் உண்டு. குழந்தைகளின் பிடிவாதத்துக்கு இணங்கியவர்களும் உண்டு. ஆனால் டில்லியில் வாசலைத் தாண்டினால் சந்துக்குச் சந்து நாலு நாய்கள். பேரக்குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருக்கும் நாய், தெருவில் இன்னொரு நாயைக் கண்டதும் புலியாகிவிடுகிறது.

எங்கள் ராமுவும் இந்த ரகம்தான். நாட்டு நாயும் லாப்ரடாரும் கலந்தவன். மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து இரண்டு வயதில் எங்களிடம் வந்தவன். எடை 28 கிலோ. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலக் காலையில், எதிரே வந்த நாயை நோக்கி அவன் பாய்ந்தான். வாரைப் பிடித்திருந்த என் மனைவி கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அடுத்த வாரமே, நாயை அப்புறப்படுத்தும்படி குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவியோ, கையில் மாவுக்கட்டுடன், "அவனை எங்கேயும் அனுப்பக் கூடாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பிறகுதான் இதை முறையாகக் கற்க முனைந்தேன்.

காரணம் என்ன?

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதில் சீழ், மூட்டு வலி, பல் வலி இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். உடம்பில் குறை இல்லை என்றால், பெரும்பாலும் காரணம் பயம். குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரையிலான பருவம் முக்கியமானது. அப்போது மற்ற நாய்களோடு நல்லபடியாகப் பழகாத குட்டி, வளர்ந்தபின் அவற்றைக் கண்டு மிரளலாம். வார் கட்டியிருப்பதால் ஓடவும் முடியாது. எனவே, "நீ கிட்டே வராதே" என்று குரைத்துப் பாய்கிறது. எதிர்நாய் போய்விட்டால், குரைத்ததால்தான் போயிற்று என்று முடிவு கட்டிக்கொள்கிறது. இப்படியே பழக்கம் வேரூன்றுகிறது.

இந்த நேரத்தில் அடிப்பதும், கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டுவதும் கேடுதான். இன்னொரு நாய் வந்தால் வலியும் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். உறுமினால் அடி விழும் என்றால் உறுமலை விட்டுவிடும், எச்சரிக்காமலே கடிக்கும்.

இரட்டை மஞ்சள்

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இது எளிதாகப் புரியும். சிவப்பு விளக்கருகே வந்தபின் பிரேக் போட்டால் வண்டி நிற்காது. அதற்காகத்தான் முன்னதாக இரட்டை மஞ்சளும் ஒற்றை மஞ்சளும் வைத்திருக்கிறார்கள். நாயும் அப்படித்தான். காது முன்னே விறைப்பது, வாயை மூடிக்கொள்வது இரட்டை மஞ்சள். உடல் மரக்கட்டையாவது, பார்வை அசையாமல் நிற்பது மஞ்சள். பாய்ச்சல் சிவப்பு. மஞ்சளுக்குள் நாம் திரும்பிவிட வேண்டும்.

பயிற்சிக்கு அடிப்படை, 1904-ல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்ட உண்மைதான். ஒன்றைத் தொடர்ந்து உணவு வந்துகொண்டே இருந்தால், அதைக் கண்டதுமே நாயின் உடல் உணவை எதிர்பார்க்கும். நாங்கள் செய்தது இதுதான்:

1. ராமு மற்ற நாயைப் பார்த்தும் அமைதியாக இருக்கும் தூரத்தைக் காலடியால் அளந்தேன். நாற்பது அடி வைப்பு.

2. அந்தத் தூரத்தில் நாய் தென்பட்டதும், வேகவைத்த கோழியோ பனீரோ சிறு துண்டாகக் கொடுத்தோம். நாய் மறைந்ததும் நிறுத்தினோம். வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு தீனி.

3. அவன் நாயைக் கண்டதும் தானாக எங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கியபின், தூரத்தை இரண்டிரண்டு அடியாகக் குறைத்தோம். ஒரு நாள் பாய்ந்தால், மறுநாள் பழைய தூரத்துக்கே திரும்பினோம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நாற்பது அடி எட்டு அடியாக ஏழு மாதம் ஆயிற்று.

தெருவில் கவனிக்க வேண்டியவை

கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது; வார் இரண்டு மீட்டர் போதும். நாய் மூச்சுவாங்கவும் தண்ணீர் குடிக்கவும் வசதியான கூடை வடிவ வாய்ப்பூட்டை, வீட்டிலேயே தீனி வைத்துப் பழக்குங்கள். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் தவிருங்கள்.

சண்டை மூண்டால் நடுவே கையை நுழைக்காதீர்கள். வாளித் தண்ணீர், விரித்த குடை, அட்டைப் பலகை ஆகியவை உதவும். கடிபட்டால், சிறு கீறலாயினும், ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது அரிது. உங்கள் நாய்க்கு ஊசி தவணை தவறவே கூடாது.

அண்டை வீட்டாருக்கு

அந்தக் கடிதத்துக்கு, சண்டையில்லாமல் பதில் எழுதினேன். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது. 1962-ல் சென்னையில் அமைந்த அந்த வாரியத்தின் முதல் தலைவர் நம் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் சட்டத்தைக் காட்டுவதால் மட்டும் அண்டை வீட்டார் பயம் தீராது. ஆகவே தடுப்பூசிச் சான்றின் நகலையும், நாங்கள் நடக்கும் நேரத்தையும், வாய்ப்பூட்டு போட்டே வெளியே அழைத்துவருவோம் என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுத்தோம். பேச்சு அடங்கியது.

ராமு இன்றும் மற்ற நாய்களோடு விளையாடுவதில்லை. பார்க்கிறான், எங்களைப் பார்க்கிறான், கடந்துபோகிறான். எல்லா நாயும் எல்லா நாயோடும் சிநேகமாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பிறருக்கு இடையூறில்லாமல் தன் வழியே போனால் போதும். இந்தச் சிக்கலில் இருக்கும் அன்பர்கள் நாயைக் கைவிடும் முன், ஆறு மாதம் பொறுமையாக முயன்று பாருங்கள்.