மழைமானி சொன்ன ஜோசியம்

பிரான்சின் போர்தோ பகுதி ஒயினுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் நாக்கையும் மூக்கையும் நம்பிப் பிழைப்பவர்கள். 1990 வாக்கில் அவர்களை ஒரு பொருளாதாரப் பேராசிரியர் சீண்டிவிட்டார். பெயர் ஆர்லி ஆஷென்ஃபெல்டர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். 1952 முதல் 1980 வரை விளைந்த ஒயின்களின் ஏல விலையை ஒரு பக்கமும், அந்தந்த ஆண்டின் வானிலைக் குறிப்பை மறுபக்கமும் வைத்துக் கணக்குப் போட்டார். ஒயினின் வயதை ஒதுக்கிவிட்டால், ஓர் ஆண்டின் தரத்தைச் சொல்ல மூன்று எண்களே பெரும்பாலும் போதும் என்றார். முந்தைய குளிர்காலத்து மழை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சராசரி வெப்பம், ஆகஸ்ட்-செப்டம்பர் மழை. முதல் இரண்டும் கூடினால் விலை ஏறும். மூன்றாவது கூடினால் இறங்கும்.

1989ஆம் ஆண்டு ஒயின் மரப்பீப்பாயில் முதிர்ந்துகொண்டிருந்தபோதே, ஒரு மிடறும் குடிக்காமல் ‘அபாரம்’ என்று சொல்லிவிட்டார். புகழ்பெற்ற ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கருக்கு வந்ததே கோபம். படத்தைப் பார்க்காமலே விமர்சனம் எழுதுவது போல் இருக்கிறது என்று கேலி செய்தார். ஆனால் 1989 உண்மையிலேயே அபாரமான ஆண்டாகத்தான் அமைந்தது.

மழைமானிக்கு ஏன் இத்தனை சக்தி? பிரான்சில் ஊர்ப்பெயர் முத்திரையோடு விற்கும் ஒயினுக்கான தோட்டங்களில் பொதுவாக நீர் பாய்ச்சக் கூடாது. நம் உழவர்கள் சொல்வதுபோல, மானாவாரி. வானம் தருவதுதான் கணக்கு. இலையுதிர்த்துத் தூங்கும் கொடிக்குக் குளிர்கால மழை தொல்லை இல்லை. அது அடிமண்ணில் இறங்கி, ஆழ வேர்கள் கோடையில் எடுத்துக்கொள்ளும் சேமிப்பாகிறது.

வசந்தத்தில் மொட்டு வெடித்ததும் பயம் தொடங்கும். 1991 ஏப்ரலில் ஒரே இரவின் உறைபனி போர்தோவின் விளைச்சலில் பெரும்பகுதியைக் கருக்கியது. 2017, 2021 ஏப்ரல்களிலும் தோட்டங்களில் மெழுகு வாளிகளை ஏற்றி இரவெல்லாம் காவல் காத்தார்கள். பூமி சூடாகும்போது உறைபனி ஏன் என்று தோன்றலாம். வில்லங்கமே அதில்தான்: மார்ச் கதகதப்பில் ஏமாந்து மொட்டு முன்கூட்டியே வெடிக்கிறது, ஏப்ரல் குளிரில் மாட்டிக்கொள்கிறது. பிறகு பூக்கும் காலத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ பிஞ்சாகாமல் உதிரும். உதிர்வு எப்போதும் கேடும் அல்ல. 1961இல் குலைகள் மிகக் குறைவு. எஞ்சியவற்றுக்குள் மொத்தச் சத்தும் இறங்கியது. அந்த ஒயினை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஜூலையில் கொடி கொஞ்சம் தாகத்தில் வாட வேண்டும். நீர் குறைந்தால் தளிர் ஓடுவது நிற்கும், இலை சமைத்த சர்க்கரை பழத்துக்குத் திரும்பும். பழம் சிறுத்திருந்தால் சாற்றுக்கு ஈடாகத் தோல் அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும், துவர்ப்பில் கணிசமான பங்கும் தோலில்தான் இருக்கின்றன. மெதோக் பகுதியின் சரளை மண் மழையைச் சட்டென வடித்துவிடும். பொமெரோல் களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரே மழை, இரு மண்ணில் இரு ஒயின்.

ஆகஸ்டில் காய் நிறம் மாறும். பச்சைக் காய்க்குப் புளிப்பூட்டும் மாலிக் அமிலத்தைப் பழமே எரித்துத் தீர்க்கிறது. வெப்பம் கூடக்கூட வேகமாக. இரவு குளிர்ந்தால் புளிப்பு மிஞ்சும். காபர்னே சோவின்யோன் திராட்சையில் குடைமிளகாய் வாடை தரும் பைரசீன் என்ற பொருளும் உண்டு. வெயில் போதாத ஆண்டில் அது முழுதாகக் குறைவதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாலே குளிர்ந்த கோடை மணக்கும்.

செப்டம்பர் மழைதான் வில்லன். பழம் நீரை உறிஞ்சி ஊதும், தோல் வெடிக்கும், சாம்பல் பூசணம் ஏறும். ஆனால் பேராசிரியரின் கணக்கு வழுக்கிய இடமும் இதுவே. 1986 சுமார்தான் என்றார் அவர். செப்டம்பர் இறுதியில் பெருமழை கொட்டியது உண்மை. முன்னதாகப் பழுக்கும் மெர்லோ திராட்சை நனைந்தது. பின்னால் பழுக்கும் காபர்னேவோ அதற்குப் பிறகு வெயில் கண்டு தேறியது. மெதோக்கின் 1986 இன்றும் மதிப்பு குறையாத ஒயின். எவ்வளவு பெய்தது என்பதோடு எந்த வாரம் பெய்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது!

அதே பூசணத்தை வரவேற்கும் ஊரும் போர்தோவில் இருக்கிறது. சோத்தேர்னில் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் நதியில் கலக்குமிடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். ஈரத்தில் பூசணம் தோலைத் துளைக்கும். பிற்பகல் வெயில் பழத்தை வற்றவைக்கும். கிடைப்பது தேன் போன்ற இனிப்பு ஒயின். வெயில் வராமல் மழையே நீடித்தால் வெறும் அழுகல்தான். 2012 அப்படிப்பட்ட ஆண்டு. உலகப் புகழ்பெற்ற ஷாத்தோ தீக்கெம் தோட்டம் அந்த ஆண்டின் பெயரில் இனிப்பு ஒயின் ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை.

‘வெப்பம் கூடினால் நல்லது’ என்ற விதிக்கு இப்போது வயதாகிவிட்டது என்றே நினைக்கிறேன். திராட்சை பழுக்கத் திணறிய காலத்துத் தரவுகளில் பிறந்த விதி அது. 2003 அனல் அலையில் போர்தோவில் ஆகஸ்டிலேயே பறிப்பு தொடங்கியது. சர்க்கரை முந்தி ஓடியது, தோலும் விதையும் பின்தங்கின, புளிப்பு கரைந்தது. ஒருகாலத்தில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த ஆல்கஹால் இன்று 14ஐத் தொடுவது சாதாரணம். மெர்லோவுக்குத்தான் அதிகச் சிரமம். முன்னதாகப் பழுப்பதால் உச்ச வெயிலில் சிக்கிக்கொள்கிறது.

எனவே 2021இல் ஆறு புதிய ரகங்களுக்குப் போர்தோவில் அனுமதி கிடைத்தது. அவற்றில் ஒன்று துரிகா நாசியோனால், வெயிலுக்குப் பழகிய போர்ச்சுகல் கொடி. தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதம், ஒயின் கலவையில் 10 சதவீதம் என்பதுதான் வரம்பு. ஊன்றிய கன்று காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகளாவது ஆகும்.