டாபின் தீவுப் பாலம்

டாபின் தீவுப் பாலம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், தலைநிலத்திலுள்ள சீடர் முனையை டாபின் தீவுடன் இணைக்கும் சாலைப் பாலமாகும். இதன் நீளம் சுமார் 5 கிலோமீட்டர். டாபின் தீவு மெக்சிக்கோ வளைகுடாவில் அமைந்துள்ள ஒரு தடுப்புத் தீவாகும். கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக நீண்டு கிடக்கும் இத்தகைய மணல் தீவுகள், கடலலைகளின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன.

வரலாறு

முதற் பாலம் 1955 இல் திறக்கப்பட்டது. 1979 செப்டம்பரில் வீசிய பிரெடெரிக் சூறாவளியில் அப்பாலம் அழிந்தது. தீவுக்கு வேறு சாலை வழி கிடையாது. எனவே, 1982 இல் தற்போதைய பாலம் திறக்கப்படும் வரை மக்கள் நீர்வழிப் பயணத்தையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

அமைப்பு

கற்காரையால் ஆன இப்பாலத்தின் ஒரு பகுதி, கப்பல்கள் அடியில் கடந்து செல்லும் வகையில் உயர்த்திக் கட்டப்பட்டுள்ளது. சூறாவளியின்போது கடல்மட்டம் உயரும். அப்போது அலைகள் தாழ்வான பாலத் தளங்களை அடியிலிருந்து மேலே தள்ளித் தூண்களிலிருந்து பெயர்த்துவிடக்கூடும். இதுவே கடலோரப் பாலங்களுக்குள்ள பெரும் இடராகும்.