அலகும் பிடியும்



தோட்டம் கொத்திப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மண்வெட்டியின் இரும்பு எவ்வளவு உறுதியானதாயினும், அதனைத் தாங்கும் மரப்பிடி நைந்திருந்தால் அந்த உறுதியினால் பயனில்லை. பழைய பிடியிலே பாரமான புதிய மண்வெட்டியைப் பூட்டிக் கொத்துபவன் மண்ணை வெட்டுமுன் பிடியை முறித்துக்கொள்வான். இந்த எளிய உண்மையை, ஐம்பது வயதைக் கடந்தபின், ஒரு சின்னஞ்சிறு ஹெலிகொப்டரிடம் நான் மீண்டும் கற்க நேர்ந்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்தபோது, விஞ்ஞான மன்றத்துக்கென ஒரு ஹெலிகொப்டரைப் பரிசளித்துச் சென்றார். தரையில் நின்றபடியே வானலையின் துணைகொண்டு செலுத்தும் சிறிய பொறி அது. முழு நிறை ஏறத்தாழ 800 கிராம். மின்கலத்தினால் இயங்குவது. அதன் தலைமேல் இரண்டு நீண்ட அலகுகள் சுழல்கின்றன. ஒவ்வோர் அலகும் ஓரடியை விடச் சற்று நீளமானது. அலகின் அடிப்பாகத்தைப் பற்றி, நடுத்தண்டோடு இணைக்கும் சிறு உறுப்பே பிடி எனப்படும். கத்திக்கு அலகும் பிடியும் உள்ளதுபோல் இதற்கும் உண்டு என்று கொள்ளுங்கள்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதனைப் பொறுப்பேற்றுப் பழகினான். சில மாதங்களில், முதலில் வந்த மர அலகுகளை அகற்றிவிட்டுக் காபன் நாரினால் ஆன அலகுகளைப் பூட்டினான். சுழலும் வேகத்தையுஞ் சற்றுக் கூட்டினான். ஒரு மாலைப்பொழுதில் மைதானத்தின் ஓரத்தில் அதனைப் பறக்கவிட்டபோது, படீரென்று ஓர் ஓசை கேட்டது. பொறி நிலத்தில் வீழ்ந்தது. ஓர் அலகு மாத்திரம் அம்பெனப் பறந்து, முப்பது அடிகளுக்கு அப்பாலிருந்த வகுப்பறைச் சுவரின் சாந்தைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. எவருக்கும் தீங்கில்லை. ஆனால் அச்சுவருக்கும் எனக்கும் இடையே இருந்த தூரம் ஆறு அடியே.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கலைப் பட்டதாரியாகிய எனக்கு இப்பொறியின் நுட்பம் தெரியாது. எனினும், பிள்ளைகள் கையாளும் ஒரு பொருளைப் பற்றி அதிபருக்குத் தெரியாது என்பது ஏற்கத்தக்க விடையன்று. ஆகவே மறுநாள் அந்த மாணவனையே அழைத்து, "தம்பி, எங்கே பிழைத்தது?" என்று கேட்டேன். உடைந்த பிடியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "சேர், அலகை மாற்றினேன், பிடியை மாற்றவில்லை" என்றான். நான் இனிச் சொல்லப் போவன யாவும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே.

முதலிலே ஒரு கணக்கு. அந்தப் பொறி 800 கிராம் நிறையுடையது. அது காற்றில் அசையாது நிற்கும்போது ஒவ்வோர் அலகும் ஏறத்தாழ 400 கிராமைத் தாங்கினாற் போதும். பிடிக்கு இவ்வளவுதான் வேலை என்று நாம் எண்ணலாம். அங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகின்றது. நூலின் நுனியிற் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் வெளியே இழுப்பதைக் கை உணரும். சுழலும் அலகும் அவ்வாறே தன் பிடியை விட்டு வெளியே ஓட முயல்கின்றது. மர அலகின் நிறை 25 கிராம் என்றும், அதன் நிறைமையம் நடுத்தண்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில் உளது என்றும், அது நிமிடத்துக்கு 2400 முறை சுழல்கின்றது என்றும் கொள்வோம். அப்போது அந்த அலகு பிடியை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 32 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாகும். தூக்கும் பாரம் 400 கிராம். இழுக்கும் பாரம் 32 கிலோகிராம். அஃதாவது எண்பது மடங்கு! பிடியின் உண்மையான வேலை ஹெலிகொப்டரைத் தூக்குவதன்று. ஓடத் துடிக்கும் அலகை ஓடவிடாது பற்றி நிற்பதே.

இனி மாணவன் செய்த மாற்றத்தை நோக்குவோம். காபன் நார் அலகின் நிறை 30 கிராம். முன்னையதிலும் ஐந்திலொரு பங்கு அதிகம். வேகம் 2400 இலிருந்து 2700 ஆயிற்று. எட்டிலொரு பங்கு அதிகம். இரண்டும் சிறு மாற்றங்களே. ஆனால் இவ்விழுவிசை நிறைக்கு நேர்விகிதமாகவும், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் வளர்வது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே இவ்விரு சிறு மாற்றங்களுஞ் சேர்ந்து 32 கிலோகிராமை ஏறக்குறைய 49 கிலோகிராம் ஆக்கிவிட்டன. பழைய பிளாஸ்ரிக் பிடியிலே, திருகாணித் துளையின் ஓரத்தில், மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு முன்னரே இருந்திருக்கின்றது. ஒன்றரை மடங்கு பாரத்தை அது தாங்கவில்லை. அலகின் நுனியோ அப்போது மணிக்கு 360 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் சென்றுகொண்டிருந்தது. சுவரின் சாந்து பெயர்ந்ததில் வியப்பில்லை.

அவ்வாறாயின் மர அலகே போதுமானதன்றோ என்று நீங்கள் கேட்கலாம். மர அலகுக்கு ஒரு நற்குணம் உண்டு. நிலத்திற் பட்டால் அது தானே முறிந்து மற்ற உறுப்புகளைக் காத்துவிடும், விலையுங் குறைவு. ஆயினும் ஈரலிப்பில் அதன் நிறை மாறும், வளைவும் மாறும். காபன் நார் அலகு மெல்லியது, விறைப்பானது, வடிவம் மாறாதது. கட்டளை இட்டவுடன் பொறி திரும்புவதற்கு அதுவே ஏற்றது. எனவே மாணவனின் விருப்பம் தவறன்று. ஒன்றைத் திருத்தியவன் அதனோடு பிணைந்த மற்றொன்றை மறந்ததே தவறு.

பிடிக்குள் இருப்பதையும் பார்ப்போம். அலகு சுழல்வதோடு நில்லாது, தன் நீளவாட்டில் முறுகித் தன் சாய்வையும் மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னே செல்லும்போது ஒவ்வொரு சுற்றிலும் இம்மாற்றம் நிகழும். நொடிக்கு நாற்பது முறை! இதற்காகப் பிடியினுள் மெல்லிய உருக்குத் தண்டும், அதன்மேல் பெயாரிங் எனப்படும் குண்டுவளையங்களும் உள்ளன. துவிச்சக்கர வண்டியின் சில்லில் உள்ளனவும் இத்தகையனவே. ஆனால் சாதாரண குண்டுவளையம் பக்கத்திலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்கே ஆனது. தண்டின் நீளத்தில் இழுக்கும் 32 கிலோகிராமுக்கு அது பொருந்தாது. அவ்விழுவையைத் தாங்குவதற்கென்றே, இரு தட்டுகளுக்கிடையே குண்டுகளை வைத்த தனிவகைப் பெயாரிங் ஒன்று உண்டு. அவ்விரு தட்டுகளின் துளைகளும் சமமல்ல. பெரிய துளையுள்ள தட்டு நடுத்தண்டை நோக்கியும், சிறிய துளையுள்ள தட்டு வெளிப்புறத் திருகாணியை நோக்கியும் இருத்தல் வேண்டும். மாறிப் போட்டால் பிடி இறுகிச் சூடேறும். குண்டுகள் விரைவில் தேயும். நல்ல பிடி வாங்குவோர் முதலிலே கேட்க வேண்டியது அதன் பளபளப்பையன்று. இந்தப் பெயாரிங் உள்ளே உண்டா என்பதையே.

இனி, பிளாஸ்ரிக் பிடியை நீக்கி அலுமினியப் பிடியைப் பூட்டினால் எல்லாம் நலமாகுமா? அலுமினியம் வளையாது, அலகின் சாய்வு கட்டளையிலிருந்து பிசகாது. ஆயின் பொறி நிலத்தில் மோதும்போது, முன்பு பிளாஸ்ரிக் உடைந்து தன்னோடு முடித்துக்கொண்ட அடியை, உடையாத அலுமினியம் அப்படியே உள்ளே கடத்திவிடும். உருக்குத் தண்டு வளையும், நடுத்தண்டு கோணும், பற்சில்லு நொறுங்கும். ஓருறுப்பை உறுதியாக்கும்போது பலவீனம் ஒழிவதில்லை. அது அடுத்த உறுப்புக்கு இடம் பெயர்கின்றது. எது முறியலாம், எது முறியவே கூடாது என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நிலத்தில் முறியும் உறுப்பு பணத்துக்கு நட்டம். வானில் முறியும் பிடி உயிருக்கு ஆபத்து.

வளைவதும் விறைப்பதும் பற்றிய இந்தச் சிக்கல் பெரிய பொறிகளையும் வருத்தியதே. ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் டி லா சியர்வா என்பவர், 1920 ஆம் ஆண்டு தொடக்கம் ஓட்டோஜைரோ என்னும் வானூர்தியை அமைக்க முயன்றார். அதன் சுழலலகுகள் மோட்டாரினாலன்றிக் காற்றின் வேகத்தினாலேயே சுழல்வன. அவருடைய முதற் பொறிகள் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தன. முன்னோக்கிச் செல்லும் அலகு காற்றை விரைந்து சந்திப்பதால் அதற்கு எழுச்சி அதிகம். பின்னோக்கிச் செல்லும் அலகுக்கு எழுச்சி குறைவு. ஆனால் அவர் செய்த சிறிய மாதிரி மட்டும் நன்றாகப் பறந்தது! காரணத்தை ஆராய்ந்தபோது, மாதிரியின் அலகுகள் பிரம்பினால் ஆனவை என்பதும், அவை வளைந்துகொடுத்து அந்த ஏற்றத்தாழ்வைத் தாமே சமன்செய்தன என்பதும் புலப்பட்டன. பெரிய பொறியின் அலகுகளை அவர் அடிப்பாகத்தில் கீல் வைத்துப் பூட்டினார். 1923 ஆம் ஆண்டு சனவரியில், மாட்ரிட் நகருக்கு அருகே அந்தப் பொறி வெற்றியாகப் பறந்தது. அலகு அன்று, அலகைப் பற்றும் இடமே அங்கு வழிதிறந்தது என்பதைக் கவனியுங்கள். சிறிய மாதிரி பெரிய பொறிக்கு ஆசானாயிற்று என்பதையுங் கவனியுங்கள்.

பின்னர் 1967 ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் பறந்த போ 105 என்னும் ஹெலிகொப்டர் கீல்களையே நீக்கிவிட்டது. அதன் தலைப்பகுதி தைத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனது, மிக விறைப்பானது. அலகுகளோ கண்ணாடி நாரினால் ஆனவை. கீல் செய்த வேலையைத் தம் வளைவினாலேயே செய்வன. பிடி விறைத்தபோது அலகு வளையக் கற்றது என்று சொல்லலாம். வழி எதுவாயினும், அலகையும் பிடியையும் சேர்த்தே சிந்தித்தார்கள். வானலையினாற் செலுத்தும் சிறு ஹெலிகொப்டர்களை 1970 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவரும் ஜேர்மனியரே. அவர் டீட்டர் ஷ்லூட்டர்.

எங்கள் பாடசாலைக்கு மீள்வோம். அந்த மாணவனும் அவன் தோழர்களும் புதிய பிடிகளையும், புதிய தண்டையும், பெயாரிங்குகளையும் ஒருமிக்க மாற்றினர். அலுமினியத்தினுட் செல்லும் ஒவ்வோர் உருக்குத் திருகாணிக்கும் அது தானே தளராதவாறு பசைத்துளி இட்டனர். பின்னரே அலகுகளுக்கு வந்தனர். ஒவ்வோர் அலகையும் அடிமட்டத்தின் விளிம்பிலே கிடத்தி, அது சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டனர். இரண்டிலும் அவ்விடம் ஒத்திராதபோது மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டி ஒப்பாக்கினர். அதன் பின்னர் தராசில் நிறுத்து, குறைந்ததன் சமநிலைப் புள்ளியிலேயே நாடா சுற்றி நிறைகளை ஒப்பாக்கினர். இந்த வரிசை மாறலாகாது. முதலில் மையம், பிறகு நிறை.

அலகைப் பிடியோடு பூட்டும் திருகாணியை எவ்வளவு இறுக்குவது? முழுவதும் இறுக்குவதே நன்று என்று நான் எண்ணினேன், அது தவறு. பொறியைப் பக்கவாட்டிற் சரித்துப் பிடித்தால் அலகு தன் பாரத்தால் மட்டும் தொங்கிவிடக் கூடாது. சற்றே உலுக்கினால் அசைய வேண்டும். அந்த அளவே போதும். சுழலத் தொடங்கியதும் இழுவிசை அலகைத் தானே நேராக்கிவிடும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் கோணலாக நின்ற அலகு கோணலாகவே சுழன்று பொறியை நடுக்குறச் செய்யும்.

இறுதியாக ஓர் அலகின் நுனியில் நிறநாடா ஒட்டி, எல்லோரும் நன்கு விலகி நின்று, சுழலும் தட்டத்தைப் பக்கவாட்டிற் பார்த்தனர். ஒரு கோடு தெரிந்தால் இரண்டு அலகும் ஒரே தளத்திற் செல்கின்றன. இரண்டு கோடு தெரிந்தால் ஒன்று உயர்ந்து செல்கின்றது. இணைப்புக் கம்பியின் நீளத்தைச் சிறிது மாற்றி அதனைத் திருத்தினர். அன்று தொட்டு, பறக்கவிடுமுன் பிடிகளை விரலால் தடவி வெடிப்புப் பார்ப்பதும், கோணிய தண்டைத் தட்டி நிமிர்த்தாது எறிந்துவிடுவதும், வெடித்த காபன் அலகைப் பசையிட்டு ஒட்டாதிருப்பதும் எங்கள் மன்றத்தின் சட்டங்களாயின. பார்ப்போர் நிற்க வேண்டிய கோட்டை நானே சுண்ணாம்பினால் வரைந்தேன்.

உடைந்த அந்தப் பழைய பிடி இன்றும் என் மேசைமேல் இருக்கின்றது. எவரேனும் ஒரு மாணவன் புதிதாக ஏதேனும் ஒன்றைப் பூட்டுவதற்கு அனுமதி கேட்டு வரும்போது, அதனை எடுத்து அவன் கையிற் கொடுக்கின்றேன். வெடிப்பு எங்கே தொடங்கியது என்று அவனே கண்டு சொன்னபின்னர்தான் அனுமதி.