கீறலை வரிசையாகப் போட்டால் டிசைன்: பிரஷ்டு ஸ்டீல் தகடு உருவாகும் விதம்

லிஃப்ட் கதவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. முகம் தெளிவாகத் தெரியாது. மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். இதுதான் "பிரஷ்டு ஃபினிஷ்". பெயரில் பிரஷ் இருந்தாலும் எவர்சில்வர் தகட்டில் பெரும்பாலும் இது உப்புத்தாள் செய்யும் வேலை. மேலே எதையும் பூசுவதில்லை. திட்டமிட்டுக் கீறுகிறார்கள், அவ்வளவுதான்.

எப்படிச் செய்கிறார்கள்?

ஆலையிலிருந்து வரும் தகடு "2பி" என்ற வழவழப்பான, சாம்பல் நிறத்தில் இருக்கும். பாய் போலச் சுருட்டி வந்ததைப் பிரித்து, வேகமாக ஓடும் அகலமான உப்புத்தாள் பெல்ட்டுக்கு அடியில் செலுத்துவார்கள். மேலிருந்து ஒரு ரோலர் பெல்ட்டைத் தகட்டின் மேல் அழுத்தும். உராய்வில் சூடு ஏறாமலும், துகள் தங்காமலும் இருக்க எண்ணெயோ எண்ணெய் கலந்த நீரோ ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பிறகு கழுவி, உலர்த்தி, பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டினால் வேலை முடிந்தது.

ரோலர் உருளை என்பதால் ஒவ்வொரு மணலும் தகட்டைத் தொடுவது ஒரு கணம்தான். அதனால் கோடு குட்டையாக விழும். இது "நம்பர் 4". ரோலருக்குப் பதில் நீளமான தட்டைப் பட்டையால் அழுத்தினால் கோடும் நீளும். அது "ஹேர்லைன்".

கீறினால் துரு பிடிக்காதா?

நியாயமான கேள்வி. நாகம் பூசிய இரும்பை இப்படித் தேய்த்தால் பூச்சு போய்விடும். எவர்சில்வரில் காப்பு என்பது தனிப் பூச்சு இல்லை. உலோகத்திலேயே குறைந்தது 10.5% குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும்.

ஆனா ஒரு எல்லை உண்டு. கீறல் ஆழமாக இருந்தால் உப்பும் அழுக்கும் அதில் தங்கும். கடலோரத்தில் எவர்சில்வர் மேல் பழுப்பாகப் படர்வதற்கு "டீ ஸ்டெயினிங்" என்றே பெயர். அதனால் கடலோரக் கட்டடங்களுக்கு மேற்பரப்பின் சராசரி மேடுபள்ளம் 0.5 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைப்பார்கள். வெளிச்சுவரில் கோடுகள் செங்குத்தாக இருப்பதும் நல்லது. மழை அழுக்கைக் கழுவிக் கீழே இறக்கிவிடும்.

திசை ஏன் முக்கியம்?

ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி வாய்க்கால். அதன் இரு கரைகளும் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். கோடு செங்குத்தாக இருந்தால் விளக்கின் பிம்பம் கிடைமட்டமாக இழுபடும். கணினி வரைகலையில் இதைக் கணக்கிட கிரெக் வார்டு 1992ல் ஒரு சூத்திரம் தந்தார். ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளை 90 டிகிரி மாற்றிப் பொருத்தினால் இரண்டு வேறு நிறம் போலத் தெரிவதும் இதனால்தான்.

வீட்டில் கவனிக்க

துடைக்கும்போது கோட்டின் திசையிலேயே துடையுங்க. குறுக்கே தேய்த்த தடம் பளிச்சென்று தெரியும். சாதா இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம்: அதன் துகள்கள் கோடுகளுக்குள் சிக்கித் துருப்பிடிக்கும், பழி எவர்சில்வர் மேல் விழும். இரும்பு தேய்த்த உப்புத்தாளை எவர்சில்வரில் போடக்கூடாது என்று பட்டறையில் சொல்வதும் இதற்காகத்தான்.