வீட்டு முகப்பில் மேட்டுப் பாத்தியும் பூஞ்செடிகளும்

கரிசல் பூமியில் வீடு கட்டி வாழும் குடியானவர் பலர், வாசலில் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ நட்டு, கோடை முழுவதும் ஜலம் ஊற்றிக் காப்பாற்றி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அவற்றைப் பறிகொடுப்பதைக் காண்கிறோம். மழை செடிக்கு நன்மையன்றோ, அது எங்ஙனம் செடியைக் கொல்லும் என்று சிலர் வினவலாம். கரிசல் மண் நனைந்தவுடன் உப்பித் தன் வெடிப்புகளை மூடிக்கொள்ளும். பின்னர் ஜலம் கீழே இறங்குவது அரிது. காற்றின்றி வேர்கள் அழுகிவிடுகின்றன. கூரை நீரும் முகப்பிலேயே விழுமாயின் தீங்கு மிகுதியாகும். இதற்குத் தக்க பரிகாரம் மேட்டுப் பாத்தியே.

பாத்தி அமைத்தல்

சுவரை ஒட்டி மண்ணைக் குவிப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அதனால் ஈரம் சுவரில் ஏறும். கறையானும் மண்ணின் மறைவில் ஏறி நிலைகளையும் ஜன்னல்களையும் அரிக்கும். செடிக்குச் செய்த உபகாரம் வீட்டுக்கு அபகாரமாய் முடியும். ஆகையால் சுவருக்கும் பாத்திக்கும் நடுவே 2 அடியாவது வெளி விடுதல் அவசியம். அவ்வெளி சுவரிலிருந்து அப்பால் வாட்டமாக இருக்கவேண்டும். பாத்திக்கு 1 முதல் 1½ அடி உயரமும் 3 அடி அகலமும் போதும். ஓரத்தில் செங்கல் வைத்துச் சாந்து பூசுவோர், அடியில் ஜலம் வடியத் துவாரங்கள் விடுக. பாத்தி தெருவின் எல்லைக்குள் நீளாமலும், வடியும் ஜலம் தெருவில் தேங்காமலும் கிராம அதிகாரிகள் கவனித்தல் நலம்.

மண்ணும் எருவும்

கரிசலையே மேலே குவித்தால் பிரயோஜனமில்லை. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு எரு 1 பங்கு கலந்து நிரப்புக. மக்காத சாணம் கறையானை வரவழைக்கும்.

செடிகளின் தெரிவு

நந்தியாவட்டை, இட்லிப்பூ, குண்டுமல்லி ஆகியவை ஏற்றவை. 3 அடிக்கு ஒன்றாக ஒரே வரிசையில் நடலாம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இட்லிப்பூவின் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச் சத்துக் குறைவு. 1 லிட்டர் ஜலத்தில் 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளித்தால் குணமாகும்.

அரளியை வாசலில் வைக்கலாகாது. அதன் இலை, பூ, தண்டு, வேர் யாவும் விஷம். வெட்டிப் போட்ட தழையை மேய்ந்த மாடு இறக்கவும் கூடும். செம்பருத்தி வைப்போர் மாவுப்பூச்சியை விடாது கவனிக்க. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் வாழ்வது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி ஆகியவற்றையும் பெரிதும் தாக்கியது. 2010இல் ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பின்னரே அது அடங்கிற்று. வாசற்செடியை அசட்டை செய்பவர் தம் வயலுக்கே பகையை வளர்ப்பவராவர்.

நடும் காலமும் பராமரிப்பும்

புரட்டாசியில் நட்டால் அடைமழைக்குமுன் வேர் பற்றும். மேட்டுப் பாத்தி கோடையில் விரைவில் காய்வதால், சருகு மூடாக்கு இட்டு, மேல்மண் காயும்போதெல்லாம் ஜலம் விடுக. மூடாக்கில் கறையான் தென்பட்டால் உடனே அகற்றிவிடுக.

ஆகவே, செடி வாங்குமுன் ஒரு மழைநாளில் வாசலில் நின்று, ஜலம் எங்கே தேங்குகிறது, எவ்வழி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது உத்தமம். அதையறிந்து பாத்தி அமைப்பவருக்குச் செடியும் நிலைக்கும், சுவரும் நிலைக்கும்.