கடைக் கணக்கைச் சுமக்கும் சிறிய கார்ட்

சவளக்கடையில் நெல் வாங்கி விற்பவரானாலும், மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரியானாலும், கல்முனையில் பலசரக்குக் கடைக்காரரானாலும் கடன் கணக்கும் சரக்கிருப்பும் கொப்பியிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. கடையோடு சேர்ந்த வீட்டில் பழைய கணினி ஒன்றைச் சேர்வராக்கி, இரவில் கணக்குகளைப் பிரதி எடுத்து வைப்பது நல்ல பழக்கம். அந்தப் பிரதி முழுமையாகப் போய்ச் சேருமா என்பது ஒரு சிறிய நெட்வேர்க் கார்டில் தங்கியிருக்கிறது.

பழைய 100 மெகாபிட் கார்ட் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் அனுப்பாது. 20 ஜிகாபைட் பிரதிக்கு அரை மணித்தியாலம் வரை செல்லும். ஜிகாபிட் கார்டில், ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுத்தால், சுமார் மூன்று நிமிடம் போதும். இடையில் மின்சாரம் நின்றால் எது பாதுகாப்பு என்பதை வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் உங்கள் கணினியிலேயே ஜிகாபிட் இணைப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் செலவே இல்லை. இல்லாவிட்டால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டையே வாங்குங்கள். பழைய பி.சி.ஐ. பாதையின் விநாடிக்கு 133 மெகாபைட்டை எல்லாக் கார்டுகளும் பங்குபோட வேண்டும். எக்ஸ்பிரஸின் மிகச் சிறிய பாதையே ஒவ்வொரு திசையிலும் 250 மெகாபைட் தரும். அலுவலகங்களில் பாவித்த ஒல்லியான கணினி என்றால், குட்டைத் தகடும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். நீளத் தகடு அதில் பொருந்தாது.

அடுத்தது சிப். ரியல்டெக் 8111, 8168 மலிவானவை. விண்டோஸ் வைத்துள்ள சிறு கடைக்குப் போதுமானவை. லினக்ஸ் அல்லது ஃப்ரீ.பி.எஸ்.டி. போட்டு இரவு பகலாக ஓடும் சேர்வருக்கு இன்டெல் 82574, ஐ210 போன்றவை நம்பகமானவை. ஆனால் இன்டெல் பெயரில் போலிகளும் உலாவுகின்றன. நம்ப முடியாத விலைக்குப் புதிய கார்ட் என்றால் சந்தேகப்படுங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குங்கள். நல்ல நிலையிலுள்ள பாவித்த அசல் கார்ட், புதிய போலியை விட மேல்.

கார்ட் மட்டும் மாற்றினால் போதாது. ஸ்விட்சும் ஜிகாபிட்டாக இருக்க வேண்டும். 1999இல் வகுக்கப்பட்ட ஜிகாபிட் நியமப்படி வயரின் நான்கு சோடிகளும் வேலை செய்யும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். எனவே ஒரு கம்பி விட்டிருந்தாலும் புதிய கார்ட் பழைய வேகத்துக்கு இறங்கலாம். கார்டைக் குறை சொல்லுமுன் வயரை மாற்றிப் பாருங்கள். அலுமினியக் கம்பிக்குச் செப்புப் பூசிய வயரைத் தவிர்த்து, முழுச் செப்பிலான கேட் 5இ வயரை 100 மீற்றருக்குள் இழுங்கள்.

நமது பகுதியில் இடிமின்னல் பெரிய எதிரி. கடைக்கும் களஞ்சியத்துக்கும் இடையே வெளியால் இழுத்த செப்பு வயர் மின்னலைச் சேர்வருக்குள் கொண்டுவரலாம். அந்த இடத்துக்கு ஃபைபர் வயரே பாதுகாப்பு. வானம் இருண்டால் வயரைக் கழற்றிவிடுவது செலவில்லாத வழி.

மலிவான கார்ட் ஒன்றை மேலதிகமாக வாங்கி வையுங்கள். கணக்கின் இன்னொரு பிரதியை வேறொரு இடத்திலும் வையுங்கள். கார்ட் போனால் மறுநாள் வாங்கலாம். கடன் கணக்குப் போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.