வெற்றியைத் தீர்த்த விநாடி எது? அமெரிக்கரின் ஓயாத வழக்கு

ஆண்டுதோறும் குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் ஒரே பந்தயத்தின்மேல் கண்ணாயிருக்கின்றது. உதைபந்தாட்டத்தில் வாகை சூடும் அணி எது என்பதைத் தீர்க்கும் 'சுப்பர் போல்' பந்தயமே அது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அது முதன்முதலாக ஆடப்பட்டது. அன்று தொட்டு நடந்த பந்தயங்களில் தலைசிறந்த தனி ஆட்டம் எது என்று கேட்டுவிட்டால் போதும். தகப்பன் ஒன்றைச் சொல்வார், மகன் வேறொன்றைச் சொல்வான், சாப்பாடு ஆறிப்போகும்.

வழக்கினுள் நுழையுமுன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் உதைபந்தாட்டமாயினும் காலுக்கு அங்கே வேலை குறைவு. நம் நாட்டுக் கல்லூரி மாணவர் ஆடும் றகர் ஆட்டத்தின் வழித்தோன்றல் அது. பந்தை வைத்திருக்கும் அணி 10 யார் தூரம் முன்னேறுவதற்கு நான்கு தவணைகள் உண்டு. முன்னேறினால் மீண்டும் நான்கு. இல்லையேல் பந்து எதிரியிடம் போய்விடும். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்ப்பித்தால் 6 புள்ளிகள். ஒவ்வொரு தவணையும் சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றது. அத்தகைய சில விநாடிகளைப் பற்றியதே இவ்வழக்கு.

பெரும்பாலோர் முதலில் எடுத்துரைப்பது 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி, அரிசோனா மாநிலத்து கிளென்டேல் நகரில் நிகழ்ந்ததை. நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் அணி அப்பருவத்தில் ஆடிய 18 பந்தயங்களிலும் வென்று, தோல்வியையே அறியாது வந்திருந்தது. எதிர்த்து நின்றது நியூ யோர்க் ஜயன்ட்ஸ். ஆட்டம் முடிய 75 விநாடிகளே இருக்க, ஜயன்ட்ஸ் 10–14 எனப் பின்தங்கியிருந்தது. மூன்றாந் தவணை, இன்னும் 5 யார் வேண்டும். பந்தை எறியும் பொறுப்புடைய குவார்ட்டர்பாக் ஈலை மானிங்கை எதிரிகள் சூழ்ந்து, அவர் சட்டையைப் பற்றியும் விட்டனர். எப்படியோ உருவிக்கொண்டு வெளிப்பட்டு, களத்தின் நடுவே பந்தை உயர எறிந்தார். டேவிட் டைரி என்பவர் எழும்பிப் பிடித்தார். றொட்னி ஹரிசன் என்ற எதிரணி வீரர் பந்தைத் தட்டிப் பறிக்க முனைய, டைரி அதனைத் தம் தலைக்கவசத்தோடு ஒரு கையால் அழுத்தியபடியே மல்லாந்து விழுந்தார். பந்து நிலத்தைத் தொடவில்லை. முன்னேற்றம் 32 யார். சிறிது நேரத்தில் பிளக்ஸிகோ பரஸ் வெற்றிப் புள்ளிகளைச் சேர்த்தார், 17–14. அப்பருவத்தின் வழமையான பந்தயங்கள் அனைத்திலும் சேர்த்து டைரி பிடித்த எறிகள் நான்கே. இதற்குப் பின்னர் அவர் அவ்வுயர் மட்டத்தில் ஒரு பந்தைத்தானும் பிடித்தாரில்லை.

இதனை அற்புதம் என்பார் என்க. எமக்கும் மறுப்பில்லை. ஆயின் அற்புதத்தில் ஆட்டக்காரனின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எம்மை விடுவதில்லை.

அதே மைதானத்துக்கு ஏழாண்டுகள் கழித்துச் செல்வோம். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி அதே பேட்ரியட்ஸ் அணி சியாட்டில் சீஹோக்ஸ் அணியை எதிர்த்து 28–24 என முன்னணியில் நின்றது. ஏறக்குறைய ஒரு நிமிடம் மீதி. சியாட்டிலின் ஜெர்மெயின் கேர்ஸ் ஒரு நெடிய எறியைப் பிடிக்கப் பாய்ந்தார். காவலாக நின்றவர் பந்தைத் தட்டிவிட்டார். தட்டிய பந்து, நிலத்தில் மல்லாந்து கிடந்த கேர்ஸின் காலில் பட்டுத் துள்ளி, அவர் கையிலேயே வந்து விழுந்தது! 33 யார் முன்னேற்றம். டைரியின் பிடிக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் இன்று இதனை நினைப்பவர் எத்தனை பேர்?

தட்டிவிட்டும் பயனின்றி நின்ற அந்தக் காவலர் மல்கம் பட்லர், முதலாண்டு வீரர். ஒரு காலத்தில் கல்லூரி அணியிலிருந்து விலக்கப்பட்டுக் கோழிப் பொரியல் கடையில் வேலை செய்தவர். புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் வைபவத்தில் எந்த அணியும் அவர் பெயரை உச்சரிக்கவில்லை. அன்று அவர் மனம் எப்படியிருந்திருக்கும்! அடுத்த தவணையில் மார்ஷோன் லிஞ்ச் என்ற வலிய ஓட்டக்காரர் பந்தைக் கோட்டுக்கு 1 யார் தூரம் வரை கொண்டுபோனார். மீண்டும் லிஞ்ச்சிடமே கொடுப்பர் என்று உலகம் எதிர்பார்த்தது. சியாட்டிலின் குவார்ட்டர்பாக் றஸல் வில்சனோ, றிக்காடோ லொக்கெட்டை நோக்கி விரைவாக எறிந்தார்.

பட்லர் அங்கே முந்திக்கொண்டிருந்தார். காரணம் உண்டு. அவ்வாரப் பயிற்சியில் இதே உபாயத்தை அவர்மேல் ஆடிக்காட்டியபோது அவர் பிந்திவிட்டார்; அந்தத் தவறு சுட்டிக்காட்டப்பட்டது. இப்பொழுது எதிரிகள் நின்ற நிலையைக் கண்ட மாத்திரத்தே அடையாளங் கண்டு பாய்ந்து பந்தைப் பறித்தார். அவருடைய தோழர் பிரண்டன் பிரவுணர் எதிரே நின்ற கேர்ஸை அசையவிடாமல் தடுத்திராவிட்டால் அந்த வழி திறந்திராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயர் மட்டப் பந்தயத்தில் பட்லர் இடைமறித்துக் கைப்பற்றிய முதற்பந்து அதுவே.

சியாட்டில் பயிற்சியாளர் பீற் கரோலை மூடரென்று தூற்றியோர் பலர். எமக்கு அது நீதியாகத் தோன்றவில்லை. மீதி 26 விநாடிகள். கடிகாரத்தை நிறுத்திவைக்கும் உரிமை ஒன்றுதான். எறிந்த பந்து பிடிபடாமற் போனாலும் கடிகாரம் தானே நின்றுவிடும். பின்னும் இரு தவணைகள் கிடைக்கும். கணக்குப் பிழையன்று. கணக்கில் பட்லர் இருக்கவில்லை.

வேறு பெயர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அட்லாண்டாவில், கடைசித் தவணையில், மைக் ஜோன்ஸ் எதிரியின் காலைக் கட்டிப் பிடித்து, நீட்டிய பந்து கோட்டை எட்டாதபடி வீழ்த்தினார். 2009இல் தம்பா நகரில் பிற்ஸ்பேர்க் வீரர் ஜேம்ஸ் ஹரிசன் தம் கோட்டின் வாயிலிலே எதிரியின் பந்தைப் பறித்து 100 யார் ஓடினார்; ஓடி முடியும்போது முதற்பாதி நேரமும் முடிந்திருந்தது. முன்னே பாய்வதுதான் அவருக்கு இட்ட வேலை. தம் மதியால் பின்வாங்கி நின்றதால் பந்து அவர் கைக்கு வந்தது. அணி வென்றது 4 புள்ளிகளால். பட்லருக்கு நிகராக நாம் வைப்பது இதனையொன்றே. நேர முடிவில் நிகழாமை ஒன்றே அதன் குறை.

ஆகவே எமது வாக்கு பட்லருக்கே. டைரியின் பக்கம் நிற்போர் சினங்கொள்வர், கொள்ளட்டும்.

இளையோரைக் கேட்டால் 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதியைச் சொல்வர். மினியாபொலிஸ் நகரில் பிலடெல்பியாவின் குவார்ட்டர்பாக் நிக் போல்ஸ், எறிவதை விட்டுத் தாமே ஒரு பந்தைப் பிடித்துப் புள்ளி பெற்ற நாள் அது. எதிரணி பேட்ரியட்ஸ். பட்லர் அன்றும் அவ்வணியில் இருந்தார். பருவம் முழுவதும் தற்காப்பு வரிசையில் நின்றவருக்கு, அன்று அவ்வரிசையில் ஒரு தவணைதானும் கொடுக்கப்படவில்லை. பேட்ரியட்ஸ் 33–41 எனத் தோற்றது. அவர் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.